பெருந்தொற்றுக் காலத்தில் பராமரிப்புப் பணிக்கு வருபவர்களுக்கு: எங்கிருந்து தொடங்குவது

பெருந்தொற்று வந்தால் கடைகள் மூடும், விமானங்கள் நிற்கும், விடுதிகள் ஆளில்லாமல் கிடக்கும். ஆனால் குளிக்கவும் சாப்பிடவும் படுக்கையில் திரும்பிப் படுக்கவும் இன்னொருவர் கை வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கை ஒரு நாள்கூட இல்லாமல் முடியாது. அதனால்தான் மற்ற தொழில்களில் வேலை போனவர்கள் பலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். 2020-இல் சுவீடனில் வேலையின்றி இருந்த விமானப் பணியாளர்களுக்கு ஸ்டாக்ஹோமில் உள்ள சோபியாஹெம்மெட் பல்கலைக்கழகம் சில நாள் பயிற்சி கொடுத்து, மருத்துவத் துறையின் துணை வேலைகளுக்குத் தயார்செய்தது. முதலுதவி தெரிந்தவர்கள், பதறுகிறவர்களிடம் பதறாமல் பேசத் தெரிந்தவர்கள் என்பதால் அது வேலைக்கு ஆனது. நீங்கள் ஓட்டலிலோ கடையிலோ பள்ளியிலோ வேலை பார்த்தவர் என்றாலும் அப்படித்தான். ஒன்றுமே தெரியாமல் வருகிறோம் என்று நினைக்க வேண்டாம்.

ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்களின் மனம் முழுக்கத் தொற்றின் மேலேயே இருக்கிறது. முகக்கவசம், கையுறை, எனக்கு வந்துவிடுமா, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேனா, இதுவேதான். அந்தப் பயம் நியாயமானது, அதற்கான பதிலும் கீழே இருக்கிறது. ஆனால் தொற்றுப் பாதுகாப்பை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். ஒரு மனிதரை வலிக்காமல் திருப்பிப் படுக்கவைப்பதும், கூச்சம் தராமல் கழுவிவிடுவதும், அவர் இன்று நேற்றுப் போல் இல்லை என்று கண்டுபிடிப்பதும்தான் மாதக்கணக்கில் கற்க வேண்டியவை. கவனத்தை அந்த விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்களைப் பற்றி

வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு விஷயங்களை உட்கார்ந்து யோசியுங்கள். ஒன்று, வேலையின் உண்மையான முகம். மலம், சிறுநீர், வாந்தி, எச்சில் எல்லாம் தினமும் உண்டு. இரவு ஷிப்ட் உண்டு. உங்களைத் திட்டுகிற, சில நேரம் அடிக்கக் கை ஓங்குகிற நோயாளிகள் உண்டு. நீங்கள் பழகிய ஒருவர் இறந்துபோவதும் உண்டு. இதைக் கேட்டுக் கொஞ்சம் தயக்கம் வந்தால் அது இயல்பு, பெரும்பாலானவர்கள் முதல் வாரத்தில் தாண்டிவிடுகிற தயக்கம்தான் அது. ஆனால் அடுத்தவர் உடம்பு பலவீனப்படுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது என்றால் தயவுசெய்து வேறு வேலை பாருங்கள், ஏனென்றால் அந்த எரிச்சலைத் தாங்கப்போகிறவர் எழுந்துபோக முடியாத ஒருவர்.

இரண்டாவது, உங்கள் உடல்நிலையும் உங்கள் வீட்டில் இருப்பவர்களின் உடல்நிலையும். கர்ப்பமாக இருந்தால், நுரையீரல் நோயோ கட்டுப்படாத சர்க்கரையோ இருந்தால், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டால், அல்லது வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஒருவர் இருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். அதற்காகக் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. தொற்று உறுதியான நோயாளிகள் இல்லாத பிரிவைக் கேட்டு வாங்கலாம், அல்லது ஒரே ஒரு வீட்டில் ஒரே ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தேடலாம்.

இங்கே என் கருத்து ஒன்று. வீட்டுப் பராமரிப்பில் சந்திக்கும் ஆட்கள் குறைவு, அதனால் தொற்று ஆபத்தும் பொதுவாகக் குறைவு என்று பலர் அதையே முதல் வேலையாக எடுக்கிறார்கள். ஆனால் அங்கே சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. உடல்நிலை இடம் கொடுத்தால் முதல் சில மாதங்களாவது ஒரு முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ, அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்க வேலை பழகுங்கள். அவர் கையைப் பார்த்தே பாதி தொழில் வந்துவிடும்.

வேலையில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆள் பற்றாக்குறை இருக்கும் நேரத்தில் இன்றைக்கே வந்துவிடுங்கள் என்பார்கள். அந்த அவசரத்தில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். கேளுங்கள். நல்ல இடங்களில் இந்தக் கேள்விகளை வரவேற்பார்கள், முகம் சுளிக்கிற இடத்தைப் பற்றி அந்தச் சுளிப்பிலேயே தெரிந்துகொள்ளலாம்.

முகக்கவசமும் கையுறையும் கவச உடையும் யார் தருகிறார்கள்? அவர்கள்தான் தர வேண்டும், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. எனக்குத் தொற்று வந்தாலோ தனிமைப்படுத்திக்கொள்ள நேர்ந்தாலோ அந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா? இது உங்கள் வசதிக்கான கேள்வி மட்டும் அல்ல. 2020 தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கொரோனா பரவி அங்கிருந்து மற்ற இல்லங்களுக்கும் போனபோது, அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் சுட்டிக்காட்டிய காரணங்களில் இரண்டு இவை: அறிகுறிகளோடு வேலைக்கு வந்த ஊழியர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்த ஊழியர்கள். சம்பளம் போய்விடும் என்றால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவதும், ஒரு சம்பளம் போதாது என்றால் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பதும் நடக்கத்தான் செய்யும். எனவே ஊழியர் நோயில் படுத்தால் சம்பளம் தருகிற இல்லம்தான் அங்கே இருக்கிற முதியவர்களுக்கும் பாதுகாப்பான இல்லம்.

இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? பயிற்சி எத்தனை நாள், அந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா? தூக்கி மாற்ற இரண்டு பேர் தேவைப்படும் நோயாளிக்கு உண்மையில் இரண்டு பேர் இருப்பார்களா? இந்த மூன்றையும் நிர்வாகத்திடம் கேட்ட பிறகு, முடிந்தால் அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடமும் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

ஏஜென்சி வழியாகப் போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கையின் பொது விதி. ஒரு வீட்டிலேயே தங்கி வேலை செய்யப் போகிறவர்கள் அதே அமைப்பின் 2011-ஆம் ஆண்டு 189-ஆவது உடன்படிக்கையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு, அந்த ஓய்வில் வீட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் உங்கள் கையிலேயே இருக்கலாம். எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது எதைக் கேட்கலாம் என்பதற்கு இது நல்ல அளவுகோல். ஊரடங்கு நேரத்தில் வெளியே போகக் கூடாது என்பதைக் காரணம் காட்டி ஓய்வு நாளையே எடுத்துவிடுகிற வீடுகள் உண்டு. ஓய்வு நாளில் வெளியே போக முடியாவிட்டாலும் அது ஓய்வு நாள்தான், அன்று உங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

சேர்வதற்கு முன்னான சில நாள்கள்

தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்: பரவிக்கொண்டிருக்கும் நோய்க்கு இருந்தால் அது, அதோடு ஃபுளூ, ஹெபடைட்டிஸ் பி. கடைசியாகச் சொன்னது மூன்று தவணையாக மாதக்கணக்கில் போடுவது, அதனால் சீக்கிரம் தொடங்குங்கள். முதலுதவியும் மார்பை அழுத்தி உயிர்காக்கும் முறையும் நேரில் போய்க் கற்க வேண்டியவை, காணொளியில் பார்த்தால் போதாது. தொற்றுத் தடுப்பின் அடிப்படைகளை உலக சுகாதார நிறுவனத்தின் இணையப் பயிற்சித் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம், சான்றிதழும் கிடைக்கும், பல மொழிகளில் பாடங்கள் உண்டு.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். வழுக்காத, முன்பக்கம் மூடிய, கழுவக்கூடிய காலணி ஒன்று வாங்குங்கள், மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் வேண்டாம்.

கையும் கவசமும்

கை கழுவுவதில் எல்லோருக்கும் தேர்ச்சி என்று நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் தொடக்கம் முதல் துடைப்பது வரை 40 முதல் 60 விநாடி. கட்டைவிரலும் விரல் நுனியும் விரல் இடுக்கும்தான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். சானிடைசரில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கையில் அழுக்கோ மலமோ பட்டிருந்தாலும், நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலும் சானிடைசரை நம்பாமல் சோப்புக்கே போங்கள்.

எப்போது கழுவ வேண்டும் என்பதற்கு அதே நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய எந்தச் செயலுக்கும் முன், உடல் திரவம் பட்டிருக்கலாம் என்ற வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். கடைசியில் உள்ளதைத்தான் பலர் மறக்கிறார்கள். கட்டிலின் கம்பியையும் அழைப்பு மணியையும் தொட்டாலும் நோயாளியைத் தொட்டது போலத்தான்.

கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம் என்பது தவறு. போடும் முன்னும் கழற்றிய பின்னும் கழுவ வேண்டும். ஒருவருக்கு டயப்பர் மாற்றிய கையுறையோடு கதவைத் திறந்து, அலமாரியைத் தொட்டு, அடுத்தவரிடம் போவதற்குப் பதில் வெறுங்கையோடு கழுவிக் கழுவி வேலை செய்வது எவ்வளவோ மேல். ஒரே ஆளிடமும் அழுக்கான வேலையை முடித்துச் சுத்தமான வேலைக்குப் போகும்போது கையுறையை மாற்றுங்கள்.

அப்புறம் கவச உடை. போடும் வரிசை: முதலில் அங்கி, பிறகு முகக்கவசம், பிறகு கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி அல்லது முகத்திரை, கடைசியில் அங்கியின் கைநுனியை மூடும்படி கையுறை. கழற்றும் வரிசைதான் உண்மையான சோதனை, ஏனென்றால் பல மணி நேரம் போட்டு வியர்த்துக் களைத்து, எப்போதடா கழற்றுவோம் என்று இருக்கும் நேரத்தில்தான் அழுக்கான வெளிப்பக்கம் முகத்தில் படும். முதலில் கையுறை, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி எடுங்கள். அங்கியிலும் கண்ணாடியிலும் எது முதல் என்பது இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், உங்கள் இடத்தில் கற்றுக்கொடுக்கும் முறையையே பின்பற்றுங்கள். முகக்கவசம் எப்போதும் கடைசி, நோயாளியின் அறையை விட்டு வெளியே வந்த பிறகு, முன்பக்கத்தைத் தொடாமல் நாடாவைப் பிடித்து. நடுநடுவே கையைச் சுத்தம் செய்யுங்கள். முதல் சில தடவை இன்னொருவரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் கவனிக்காமல் மூக்கைத் தொடுவதை அவர்தான் பார்ப்பார்.

என்95 வகைக் கவசம் மிக நுண்ணிய துகள்களிலும் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டும், ஆனால் அது முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று வடிகட்டியை விட்டுவிட்டு அந்த வழியாகப் போய்விடும். ஒவ்வொரு முறை போட்டதும் இரண்டு கையாலும் மூடிப் பிடித்து வேகமாக மூச்சை விட்டுப் பாருங்கள், ஓரத்தில் காற்று உணர்ந்தால் மூக்குக் கம்பியை மறுபடி அழுத்துங்கள். தாடி இருந்தால் ஒட்டாது. ஈரமான கவசத்தை மாற்றிவிடுங்கள், தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுப் பேசிவிட்டு மறுபடி ஏற்றுவது கூடவே கூடாது.

காற்றோட்டத்தை மறக்காதீர்கள். மூச்சுக்காற்று வழியாகப் பரவும் நோய்க்கு ஜன்னல் திறப்பது செலவில்லாத பாதுகாப்பு. நோயாளிக்குக் குளிரும் என்றால் போர்த்திவிட்டுத் திறங்கள்.

உண்மையான வேலை

இங்கேதான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

ஒருவரைத் தொடும் முன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். "ஐயா, இப்போ உங்களை இடது பக்கமாத் திருப்பப்போறேன், என் கையைப் பிடிச்சுக்குங்க." பேச்சில்லாமல் படுத்திருப்பவரிடமும், காது கேட்காது என்று மற்றவர்கள் சொல்பவரிடமும் இப்படியே சொல்லுங்கள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். எல்லோருக்கும் தாத்தா, பாட்டி என்று கூப்பிடப்படுவது பிடிப்பதில்லை. பெயரோடு ஐயா, அம்மா சேர்த்துச் சொல்வதை விரும்புபவர்கள் உண்டு.

கழுவிவிடும்போது முகத்தில் தொடங்கி, சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாக, இல்லாவிட்டால் சிறுநீர்த் தொற்று வரும். கழுவும் பகுதியை மட்டும் திறந்து மற்றதைத் துண்டால் மூடுங்கள். தோல் மடிப்புகளையும் கால்விரல் இடுக்கையும் ஒற்றி உலர்த்துங்கள், தேய்க்க வேண்டாம். அவரால் முகம் துடைத்துக்கொள்ள முடிந்தால் துணியை நனைத்து அவர் கையில் கொடுங்கள். நீங்கள் செய்தால் ஒரு நிமிடத்தில் முடியும், அவர் செய்தால் ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் காத்திருப்பதுதான் பராமரிப்பு, ஏனென்றால் செய்யவிடாத வேலையைச் செய்யும் பலம் சில வாரங்களிலேயே அவர் கையை விட்டுப் போய்விடும்.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது பலமான கையை முதலில் எடுங்கள். கை இடுக்கில் கைகொடுத்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். உங்கள் முதுகும் முக்கியம்: கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, அவரை உங்கள் உடம்புக்கு அருகில் வைத்து, இடுப்பைத் திருகாமல் காலோடு சேர்ந்து திரும்புங்கள். இந்தத் தொழிலை விட்டுப் போகிறவர்களில் முதுகு போய்ப் போகிறவர்கள் நிறைய. தொற்றுக்கு எவ்வளவு பயப்படுகிறீர்களோ அவ்வளவாவது இதற்கும் பயப்படுங்கள்.

படுக்கையிலேயே இருப்பவரை வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பார்கள், அவரவர் நிலைக்கு ஏற்ப இது மாறும். குதிகால், பிட்டத்தின் மேல் எலும்பு, இடுப்பு, முழங்கை, பின்தலை ஆகிய இடங்களை ஒவ்வொரு முறையும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள், அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கருமையான தோலில் சிவப்புத் தெரியாது, அங்கே சூடு, கெட்டிப்பு, சுற்றியுள்ளதைவிடக் கருத்த நிறம் ஆகியவற்றைத் தேடுங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், உடனே சொல்லுங்கள். மேலே நகர்த்த வேண்டும் என்றால் இழுக்காமல், அடியில் விரித்த துணியோடு இருவர் சேர்ந்து தூக்கி நகர்த்துங்கள், இழுத்தால் தோல் உள்ளுக்குள் கிழிகிறது.

ஊட்டிவிடும்போது நிமிர்ந்து உட்காரவைத்து, நீங்களும் அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். சிறு கரண்டி, விழுங்கினாரா என்று பார்த்துவிட்டு அடுத்தது. சாப்பிட்டபின் குரல் ஈரமாக, கரகரவென்று கேட்டாலோ அடிக்கடி இருமினாலோ உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதோ என்று சந்தேகப்பட்டு நிறுத்துங்கள். முடித்தபின் அரை மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம். ஊழியர் குறைவாக இருக்கும் பெருந்தொற்று நாள்களில் முதலில் அவசரப்படுவது ஊட்டுவதில்தான். தண்ணீர் கொடுப்பதும் அப்படியே விட்டுப்போகும். முதியவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, அவர்கள் கேட்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

மருந்து கொடுக்கும் பொறுப்பு உங்களுக்கு இருந்தால் ஐந்தைச் சரிபாருங்கள்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். விழுங்க முடியவில்லை என்று மாத்திரையைப் பொடிசெய்யும் முன் கேளுங்கள், மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் முழு அளவும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

முகமூடிக்குப் பின்னால் இருக்கும் முகம்

மறதிநோய் உள்ளவருக்குக் கவச உடை போட்ட உருவம் பயங்கரமானது. யாரோ அந்நியர் வந்து தன் உடையைக் கழற்றுகிறார் என்றுதான் அவருக்குத் தோன்றும், அதனால் அடிக்க வருவார். சிரித்த முகத்தோடு உங்கள் பெரிய புகைப்படம் ஒன்றைப் பெயரோடு நெஞ்சில் ஒட்டிக்கொள்ளுங்கள். பல மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள், உதவுகிறது. முன்பக்கமாக, அவர் பார்க்கும்படி வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். எதிர்த்தால் வாதாடாதீர்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி வாருங்கள்.

காது மந்தமானவர்களில் பலர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள், முகக்கவசம் அதை எடுத்துவிட்டது. கத்தினால் புரியாது, கீச்சுக்குரல் இல்லாமல் கொஞ்சம் கனத்த குரலில் நிதானமாகப் பேசுங்கள், அல்லது எழுதிக் காட்டுங்கள். அவருக்கு முகக்கவசம் கழற்றும்போது காதுக் கருவியையும் பாருங்கள், நாடாவில் மாட்டிக் குப்பைக்குப் போய்விடும்.

கவனிப்பதும் சொல்வதும்

தொற்று என்றால் காய்ச்சலும் இருமலும் என்று காத்திருக்காதீர்கள். கொரோனாவிலேயே வயதானவர்கள் பலருக்குக் காய்ச்சல் இல்லாமல் திடீர்க் குழப்பம், கீழே விழுதல், சாப்பிட மறுத்தல், எப்போதும் தூங்கிக்கொண்டே இருத்தல் என்றுதான் தொடங்கியது. தினமும் அவரைத் தொடுகிறவர் நீங்கள். மருத்துவர் வாரத்துக்கு ஒருமுறை வரலாம், நேற்று முழு எட்டு வைத்து நடந்தவர் இன்று சுவரைப் பிடிக்கிறார் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் வைக்கும்போது விரல் சூடாக இருக்கட்டும், நகப்பூச்சை அழியுங்கள், எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். கருமையான தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்ட வாய்ப்புண்டு. எண் நன்றாக இருந்தும் ஆள் மூச்சு வாங்கினால் ஆளைத்தான் நம்ப வேண்டும், எண்ணை அல்ல.

குறிப்பேட்டில் எழுதும்போது "சரியாக இல்லை" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. "காலை 8 மணிக்கு உணவில் பாதிதான் சாப்பிட்டார், மகள் பெயரை மாற்றிச் சொன்னார், வெப்பநிலை 37.6 டிகிரி செல்சியஸ்" என்று எழுதுங்கள். கண்டதை எழுதுங்கள், ஊகத்தைத் தனியாக வாயால் சொல்லுங்கள். எழுதாத வேலை செய்யாத வேலையாகத்தான் கணக்கில் வரும்.

சுத்தம் செய்வதில் முக்கியமானவை மட்டும்: அதிகம் தொடும் இடங்களுக்கு 0.1 சதவீதக் குளோரின் கரைசல், இரத்தமோ உடல் திரவமோ சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம். பிளீச் பாட்டிலில் 5 சதவீதம் என்று இருந்தால் முதலாவதற்கு ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர், இரண்டாவதற்கு ஒரு பங்குக்கு 9 பங்கு. தினமும் புதிதாகக் கலக்குங்கள். கழிப்பறை அமிலத்தோடோ அமோனியாவோடோ பிளீச்சைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். முதலில் அழுக்கைத் துடைத்து எடுத்த பிறகுதான் கரைசல், அழுக்கின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது.

வீட்டுக்குப் போகும்போது

வேலை உடையை அங்கேயே மாற்றி, ஒரு பையில் கட்டிக்கொண்டு வாருங்கள். வீட்டில் தனியாக, சோப்புத்தூளும் சூடான நீரும் சேர்த்துத் துவையுங்கள். செல்போனைத் துடையுங்கள். கை கழுவிக் கழுவித் தோல் வெடிக்கும், ஷிப்ட் முடிந்ததும் இரவிலும் ஈரப்பதக் களிம்பு போடுங்கள், வெடித்த தோல் கிருமிக்கு வாசல். கொஞ்சம் உடம்பு சரியில்லை என்றாலும் போகாதீர்கள், ஆள் குறைவு என்று எவ்வளவு வற்புறுத்தினாலும்.

மனசு

பார்வையாளர்களை அனுமதிக்காத மாதங்களில் குடும்பத்தின் இடத்தில் நீங்கள் நிற்க வேண்டியிருக்கும். வீடியோ அழைப்பு போடும் முன் நோயாளியின் முடியைச் சீவி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவையுங்கள். அழைக்கும் மகனோ மகளோ பார்க்கும் ஒரே காட்சி அதுதான். பேசி முடித்தபின் அவரைத் தனியாக விட்டுவிட்டு ஓடாதீர்கள், அழைப்பு முடிந்த கணம்தான் அவருக்குக் கடினமானது. நீங்கள் பார்த்துக்கொண்ட ஒருவர் இறந்தால் அழலாம். அதைப்பற்றி உடன் வேலை செய்பவரிடம் அன்றைக்கே பேசுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு அது முழுதாகப் புரியாது. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால், யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தால், வேலைக்குப் போகும் வழியில் வயிறு கலங்கினால், மருத்துவரைப் பாருங்கள். அது உங்களுக்குப் பலமில்லை என்பதற்கான அடையாளம் அல்ல, காலில் சுளுக்கு வந்தால் பார்ப்பது போலத்தான் இதுவும்.

எல்லைகள்

நோயாளியைப் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள், முகம் தெரியாவிட்டாலும். பணமோ நகையோ பரிசாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், கொடுத்தார் என்பதையும் நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். கடைக்குப் போய் ஏதாவது வாங்கிக் கொடுத்தால் ரசீதோடு மீதியை எண்ணிக் கொடுத்து எழுதிவையுங்கள். ஊசி போடுவது, குழாய் மாற்றுவது, புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்வது போன்றவற்றை, பயிற்சியும் எழுத்துமூல அனுமதியும் இல்லாமல் செய்யச் சொன்னால், நெருக்கடி நேரம் என்று சொன்னாலும், எனக்கு இதில் பயிற்சி இல்லை என்று சொல்லுங்கள். யாராவது நோயாளியை அடிப்பதையோ கட்டிப்போடுவதையோ பார்த்தால் நாள், நேரம், பார்த்தது ஆகியவற்றை எழுதி மேலே சொல்லுங்கள், அங்கே கேட்கவில்லை என்றால் உங்கள் பகுதியில் இதைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்குப் போங்கள். பார்வையாளர்கள் வராத காலத்தில் அதைப் பார்க்கும் ஒரே வெளிக்கண் நீங்களாக இருக்கலாம்.

முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு போடுங்கள். பயிற்சிச் சான்றிதழ்கள், தடுப்பூசிப் பதிவு, ஒப்பந்தம், வேலை பார்த்த ஷிப்டுகள், எந்த வகை நோயாளிகளைப் பார்த்தீர்கள் என்பதன் சுருக்கம், இவை எல்லாம் அதில் இருக்கட்டும். நெருக்கடியில் அவசரமாக ஆள் எடுத்த இடங்கள் பின்னால் ஆள்களைக் குறைக்கும், அப்போது முறையான படிப்பில் சேரவோ வேறு இடத்துக்குப் போகவோ அந்தக் கோப்புதான் உங்களுக்காகப் பேசும். மூன்று மாதம் முடிந்ததும் மேற்பார்வையாளரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து, எதில் கை தேறியிருக்கிறது, அடுத்த பயிற்சி எதில் என்று கேளுங்கள். மறதிநோய்ப் பராமரிப்பு, இறுதிக்காலப் பராமரிப்பு, தூக்கி மாற்றும் கருவிகளைக் கையாளுதல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் கருவிகளில் தொடங்குவேன், முதுகு நன்றாக இருந்தால் மற்ற இரண்டையும் கற்க வருடங்கள் இருக்கின்றன.